பாலும் குளிரும்: கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கும் தீண்டாமை

கறந்த பாலின் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் பாலைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் விரைவாகப் பெருகுகின்றன. சில மணி நேரத்திற்குள் 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அப்பெருக்கம் பெரிதும் மட்டுப்படும். ஆகவே, கறந்த பால் எந்தத் தொட்டியை எவ்வளவு விரைவில் சென்றடைகிறது என்பதே அதற்குக் கிடைக்கும் விலையைத் தீர்மானிக்கிறது.

நெல்லை ஒருவர் வாங்க மறுத்தால் மூட்டை கட்டி வைத்திருந்து வேறு சந்தைக்குக் கொண்டு செல்லலாம். பாலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலையில் கூட்டுறவுச் சங்கத்தில் மறுக்கப்பட்ட பால், உடனே தனி வியாபாரி கேட்ட விலைக்குப் போக வேண்டும். இல்லையேல் மாலைக்குள் திரிந்துவிடும். மறுப்பவர் கை ஓங்க வேண்டிய தேவையே இல்லை. நிலமற்ற குடும்பங்களுக்கு ஒரு மாடே அன்றாட வருவாய் என்பதை நினைத்தால் இந்த இழப்பின் கனம் புரியும்.

11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளிவந்த 'அன்டச்சபிலிட்டி இன் ரூரல் இந்தியா', இதுகுறித்துத் தகவல் திரட்டிய கிராமங்களில் ஏறத்தாழ பாதியில், தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் விற்கத் தடை இருந்ததைப் பதிவு செய்தது.

கிராமத்துக் குளிர்விப்பான் இயங்கும் முறை எளியது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியின் சுவரை ஒட்டி ஓடும் குளிர்பதனத் திரவம் ஆவியாகும்போது பாலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. தொட்டிக்குள் துடுப்பு சுழல, ஊரின் பாலெல்லாம் ஒன்றாகக் கலக்கிறது. கலந்தபின் எது யார் வீட்டுப் பால் என எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. 'தீட்டு' பேசுவோரும் நகரத்தில் பாக்கெட் பாலைக் கேள்வியின்றி வாங்கிக் குடிக்கவே செய்கிறார்கள்! எனவே பாகுபாடு தொட்டிக்கு முன்பே நடந்து முடிகிறது: உறுப்பினர் பதிவேட்டில், கொழுப்புச் சோதனையில், பால் ஊற்றும் வரிசையில். டேங்கர் லாரி, அம்மோனியாவால் குளிரூட்டப்படும் நகரத்துப் பால் ஆலை என நீளும் குளிர்ச் சங்கிலியின் முதல் கண்ணி அந்த வாசல்தான்.

இத்தகைய குளிர்விப்பான்களுக்கு ஒன்றிய அரசின் தேசியப் பால்வள மேம்பாட்டுத் திட்டம் நிதி வழங்குகிறது. மக்கள் பணத்தில் நிறுவப்பட்ட தொட்டியை ஒரு சாதியின் சொத்தாக நடத்த எவருக்கும் உரிமை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினர்மீதும் பழங்குடியினர்மீதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் திணிப்பதைக் குற்றமாக்கியுள்ளது; 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

களத்தில் செயல்படும் நாம் முதலில் இரண்டு பட்டியல்களை ஒப்பிட வேண்டும்: ஊரில் கறவை மாடு வைத்திருக்கும் தலித் குடும்பங்கள் எத்தனை, சங்கத்தில் நாள்தோறும் பால் ஊற்றுவோரில் அவர்கள் எத்தனை பேர். குளிர்விப்பான் ஊருக்குள் இருக்கிறதா, சேரிக்காரர் தடையின்றி நடந்து செல்லக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்வோம்.