பால் புரதம் மூளையைக் காக்குமா?

எலிக்குக் கொலஸ்ட்ரால் ஏற்றுவது எளிதான வேலை அல்ல. கொழுப்பை அள்ளிக் கொடுத்தாலும் அதன் ரத்தம் சட்டென்று அசைந்துகொடுக்காது. அதன் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்.டி.எல். என்ற நல்ல வகை. அதனால் ஆய்வுக்கூடங்களில் தீவனத்தோடு கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் கலந்தது போதாமல், பித்த அமிலத்தையும் சேர்க்கிறார்கள். சில வாரங்களில் ரத்தக் கொழுப்பு ஏறுகிறது. அதன்பின் மூளைத் திசுவைச் சோதிக்கும்போது இரண்டு மாற்றங்கள் தென்படுகின்றன: மாலோன்டைஆல்டிஹைடு கூடியிருக்கிறது, குளுட்டாதயோன் குறைந்திருக்கிறது. முன்னது, கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டுப்போனதற்கான தடயம். பின்னது, அந்தக் கேட்டைத் தடுக்க உடல் தானே தயாரித்துக்கொள்ளும் ஆன்டிஆக்சிடன்ட். இப்படிப்பட்ட எலிகளுக்குப் பால் புரதம் கொடுத்தால் இரண்டு அளவுகளும் ஓரளவு சீராகின்றன என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அங்கிருந்து ‘பால் மூளைக்குக் கவசம்’ என்ற செய்தித் தலைப்புக்கு ஒரே எட்டுதான். அந்த எட்டுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

மூளை எளிதில் கெடக்கூடிய உறுப்பு என்பதில் ஐயமில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் அது; ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. நரம்புச் செல்களின் சவ்வில் டி.எச்.ஏ. போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் அதிகம். நாள்பட்ட கடலை எண்ணெயில் சிக்கு வாடை வரவைக்கும் அதே வேதிவினை இந்தக் கொழுப்புகளையும் பதம்பார்க்கும். ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்துத் தீர்க்கும் கேட்டலேஸ் நொதி கல்லீரலில் தாராளமாக இருக்கிறது, மூளையில் குறைவு. ஆக, மூளை குளுட்டாதயோனைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

ரத்தத்தில் கொழுப்பு ஏறினால் மூளைக்கு என்ன வந்தது? கேள்வி நியாயமானதே. உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கமாக மூளையில்தான் இருக்கிறது. ஆனால் அது மூளையே தயாரித்துக்கொண்டது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட வகைக் கொலஸ்ட்ரால் துகள்கள் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. கேடு வேறு வழிகளில் வருகிறது. எல்.டி.எல். ரத்தநாளச் சுவரில் தங்கி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. சுவர் அழற்சி காண்கிறது. நாளம் குறுகுகிறது, பக்கவாதம் வருகிறது. கொலஸ்ட்ராலிலிருந்து பிறக்கும் 27-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால் என்ற பொருளோ தடுப்பைத் தாண்டி மூளைக்குள் நுழையக்கூடியது. 1913-ல் ரஷ்யாவின் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி அவற்றின் ரத்தநாளங்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1994-ல் அமெரிக்காவின் லாரி ஸ்பார்க்ஸ் குழு, அதேபோல் ஊட்டப்பட்ட முயல்களின் மூளையில் அல்சைமர் நோயில் காணப்படும் அமிலாய்டு புரதத்தைக் கண்டது.

இனிப் பாலுக்கு வருவோம். பசும்பால் புரதத்தில் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே புரதம். பனீருக்குப் பாலைத் திரித்தால் கட்டியாக நிற்பது கேசின்; வே புரதத்தில் ஒரு பகுதி பிழிந்த தண்ணீரோடு போய்விடும். குளுட்டாதயோன் என்பது குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களின் கோவை. மூன்றில் அடிக்கடி பற்றாக்குறையாவது கந்தகம் கொண்ட சிஸ்டீன். வே புரதத்தில் அது கணிசமாக உண்டு. மான்ட்ரியல் மருத்துவர் குஸ்தாவோ பூனு 1980-களில், வே புரதம் தின்ற எலிகளின் திசுக்களில் குளுட்டாதயோன் கூடுவதைக் காட்டினார். மூலப்பொருளைக் கொடுத்தால் உடல் குளுட்டாதயோனைச் செய்துகொள்ளும் என்பதற்கு மருத்துவமனையிலேயே சான்று இருக்கிறது: பாரசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவருக்குக் கல்லீரலில் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும்; அவரைக் காப்பாற்றக் கொடுக்கும் அசிட்டைல் சிஸ்டீன் மருந்து செய்வது இந்த வேலையைத்தான்.

கேசினின் கதை அந்த அளவுக்கு நேரானதல்ல. அதில் சிஸ்டீன் மிகக் குறைவு. அதன் பாஸ்பேட் முனைகள் இரும்பு அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கட்டற்று அலையும் இரும்பு கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக்கூடியது என்பதால், சோதனைக்குழாயில் கேசினும் ஆன்டிஆக்சிடன்ட்தான். ஆனால் 1970-களில் கனடாவின் கே.கே. கரோல், கேசினை மட்டுமே புரதமாகத் தின்ற முயல்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறுவதையும், சோயா புரதம் தின்றவற்றுக்கு ஏறாததையும் காட்டினார். மனிதர்களிடம் இந்த விளைவு தெளிவாகத் தெரியவில்லை. ஆக, ஒரே பால் புரதம் எலியிடம் காவலன், முயலிடம் வில்லன். விலங்கை மாற்றினால் கதையும் மாறுகிறது என்றால், இந்த வகைத் தலைப்புகளை எவ்வளவு நம்புவது?

அளவையும் பார்க்க வேண்டும். பூனுவின் எலிகளுக்குத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வே புரதம். நம் 200 மி.லி. டம்ளர் பாலில் மொத்தப் புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல். அதில் வே புரதம் ஒரு கிராம் சொச்சம். குடித்த புரதம் அப்படியே மூளைக்குப் போவதுமில்லை. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் குட்டிப் புரதத் துண்டுகளாகவும் உடைகிறது. மூளை தனக்கு வேண்டிய குளுட்டாதயோனைத் தானே செய்துகொள்கிறது. (பாலைக் காய்ச்சினால் சத்துப் போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு: வே புரதத்தின் வடிவம் குலைகிறது, கந்தகச் சேர்மங்கள் கொஞ்சம் ஆவியாகின்றன. காய்ச்சிய பாலின் தனி வாசனைக்கு அவையும் ஒரு காரணம். அமினோ அமிலங்களில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே இருக்கும்.)

மனிதர்களிடம் பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. 2015-ல் அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் 60 முதியவர்களின் மூளையை ஸ்கேன் வழியே அளந்தது. பால் பொருட்களை அதிகம் உண்பவர்களுக்கு மூளையில் குளுட்டாதயோன் கூடுதலாக இருந்தது. சுவையான முடிவுதான். ஆனால் பால் குடிப்பவர்கள் வேறு விதங்களிலும் நல்ல உணவு உண்பவர்களாக இருக்கலாம். ஆய்வுக்கு நிதி வந்தது பால் தொழில் தரப்பிலிருந்து. குளுட்டாதயோன் கூடியவருக்கு ஞாபகம் கூடியதா என்பது தனிக் கேள்வி.

ஆன்டிஆக்சிடன்ட்டுகளின் கதையில் நான் அதிகம் மதிப்பது வேறொரு ஆய்வை. பிரிட்டனில் நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வு 2002-ல் முடிவுகளை வெளியிட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகமுள்ள 20,536 பேர். ஒரு பாதிக்குத் தினமும் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. அவர்களையே இன்னொரு விதமாகவும் பிரித்து, பாதிப் பேருக்கு எல்.டி.எல்.லைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின் கொடுத்தார்கள். ஐந்தாண்டுகளில் வைட்டமின் குழுவின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் அளவு நன்றாக ஏறியது; மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை, அறிவுத்திறன் சோதனையிலும் மாற்றமில்லை. சிம்வாஸ்டேட்டினும் அந்தச் சோதனை மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் பக்கவாதத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. கொழுப்பை ஏறவிட்டு அதன் கேட்டைத் துடைப்பதற்கும், கொழுப்பையே குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஆய்வுக்குள் தெரிந்துவிட்டது. பால் புரதம் வைட்டமின் மாத்திரை அல்ல என்று வாதிடலாம். அப்படியானால் அதே அளவிலான சோதனையில் அது தன்னை நிரூபிக்க வேண்டும்.

மறதிநோய் குறித்த லான்செட் ஆணையம் 2024-ல், நடுவயதில் உயர்ந்த எல்.டி.எல்.லையும் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. தவிர்க்கக்கூடியது என்றால் குறைக்கக்கூடியது. அங்கே பால் குறித்து ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: புரதத்தோடு கொழுப்பும் சேர்ந்தே வருகிறது. ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மூன்றிலும் புரதம் பெரிதாக மாறுவதில்லை. ரத்தக் கொழுப்பு கூடியவர் மூளைக்கு நல்லது என்று ஆரஞ்சு பாக்கெட்டைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. நீலமோ, வெண்ணெய் எடுத்த மோரோ போதும். முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றிலும் சிஸ்டீன் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வே பவுடரைத் தொடக்கூடாது. ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டுப் பவுடரை நம்பக்கூடாது.

நாற்பதைத் தாண்டியும் ஒருமுறைகூட ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், புரோட்டீன் டப்பாவுக்கு எடுத்துவைத்த பணத்தை முதலில் அந்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.