இருமுறை அகதியானவர் வகுத்த பட மொழி

புதிய நாடொன்றில் வந்திறங்கும் எம்மவருக்கு முதலில் வழிகாட்டுவன எழுத்துக்கள் அல்ல; படங்களே. பெட்டிகளை எங்கே பெறுவது, கழிப்பறை எப்பக்கம், எவ்வாயிலால் வெளியேறுவது என்பவற்றையெல்லாம் சிறு உருவங்களே சொல்லித் தருகின்றன. இத்தகைய பட மொழிக்கு இலக்கணம் வகுத்த முன்னோடிகளுள் ஒருவர், தாமும் இருமுறை அகதியானவர்.

1882இல் வியன்னாவிற் பிறந்த ஒட்டோ நொய்ராத் பொருளியலும் மெய்யியலும் கற்றுத் தேர்ந்தவர். 1925இல் அந்நகரில் சமூக, பொருளாதார நூதனசாலையை நிறுவினார். வீட்டு வசதி, பிறப்பு, இறப்பு, வேலையின்மை முதலான புள்ளிவிபரங்கள் அதிகம் கல்லாத தொழிலாளருக்கும் விளங்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். கேர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் ஓவியர் உருவங்களை அமைத்தார். மாரி ரைடமைஸ்ரர் என்னும் பெண்மணி எண்களைப் படங்களாக மாற்றும் பணியை ஏற்றார். 1935இல் இம்முறைக்கு 'ஐசோரைப்' எனப் பெயரிடப்பட்டது.

அதன் தலையாய விதி எளியது. தொகை இருமடங்கானால் உருவத்தைப் பெரிதாக்கலாகாது. அதே அளவான உருவத்தை இருமுறை இடவேண்டும். மனித உருவமொன்றின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் இருமடங்காகும். தாளில் அது கொள்ளும் பரப்போ நான்கு மடங்காகிவிடும். எண் இரண்டு என்று சொல்ல, கண் நான்கு என்று நம்பும்.

1934இல் ஒஸ்திரியாவிற் சமூக சனநாயகக் கட்சி நசுக்கப்பட்டபோது நொய்ராத் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்தார். 1940 மே மாதம் ஜேர்மன் படைகள் அங்கும் நுழையவே, அவரும் மாரியும் படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினர். பகைநாட்டவர் எனத் தடுத்து வைக்கப்பட்டமையே அங்கு அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு. 1941இல் விடுதலையாகி மணம் புரிந்த இருவரும் 1942இல் ஒக்ஸ்போர்ட்டிற் பணியை மீளத் தொடங்கினர். 1945இல் நொய்ராத் மறைந்தார்; மாரி அப்பணியைத் தொடர்ந்தார். 1950களில் மேற்கு நைஜீரிய மக்களுக்கான பிரசுரங்களையும் ஆக்கினார்.

இவ்விதியை நாம் அறிந்திருத்தல் இன்று மிக அவசியம். ஏனெனில், புகலிடம் கோருவோரின் தொகையும் அடிக்கடி படமாக வரையப்படுகின்றது. உதாரணமாக, விண்ணப்பங்கள் ஓராண்டில் 90 ஆயிரத்திலிருந்து 100 ஆயிரமாக உயர்ந்தன என்று கொள்வோம். உயர்வு ஏறத்தாழ 11 வீதமே. ஆனால் சலாகை வரைபொன்று பூச்சியத்தில் தொடங்காது 80 ஆயிரத்தில் தொடங்குமாயின், இரண்டாம் சலாகை முதலாவதைப்போல் இருமடங்கு உயர்ந்து நிற்கும். எண்களிற் பொய்யில்லை, ஆயினும் பார்ப்பவர் மனத்தில் அச்சம் குடியேறிவிடும். அருகே தடித்த தலைப்பும் நெரிசல் மிகுந்த புகைப்படமும் இடம்பெற்றால் சொல்லவே வேண்டியதில்லை.

அயல் மொழியைக் கற்க ஆண்டுகள் செல்லும். வரைபின் அடிக்கோடு எங்கே தொடங்குகின்றது என்று பார்க்க ஒரு கணம் போதும். எம்மைப் பற்றி வரையப்படும் படங்களை வாசிக்க நாம் பழகுவோம்; எம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.