பரண் மேல் தூங்கும் விமானத்தை இறக்குங்கள்!

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் சத்தம் கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும். விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954-லேயே தாம்பரத்துக்கு வந்துவிட்டதே! அந்த ஆசையில் சின்ன வயதில் பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டியவர்கள் உண்டு. பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று பெட்டி பரணுக்குப் போயிருக்கும். இப்போது ரிடையர் ஆனபின், "மறுபடி ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்கிறார்கள்.

தாராளமாக ஆரம்பியுங்கள். மனசுக்கு நல்லது, விரல்களுக்கு நல்ல வேலை. ஆனால் பெட்டிதான் பழையது. உங்கள் கண்ணும் கையும் அன்றைக்கு இருந்தது போல இல்லை. அதற்குத் தகுந்தபடி உட்கார வேண்டும்.

கண்ணைக் கவனியுங்கள்

1965 போரில் பேர் வாங்கிய நாட் விமானம் சுமார் 9 மீட்டர் நீளம். அதை 72-ல் ஒரு பங்காகச் செய்தால் சுமார் 12 சென்டிமீட்டர்தான். உள்ளே இருக்கும் விமானியின் தலை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு! நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து வந்துவிடும். படிக்கிற கண்ணாடி, பக்கவாட்டில் நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி மூன்றும் வேணும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியாகத் தூரத்தில் பாருங்கள். இறக்கையின் நேர்கோடு நெளிந்து தெரிந்தால் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை; உடனே விழித்திரையைக் காட்டுங்கள்.

கழுத்தும் காற்றும்

தலையின் எடை சுமார் 5 கிலோ. தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தால் அத்தனையும் பிடரியில் இறங்கும். மேஜையில் பலகை வைத்து, வேலையை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. அதன் ஆவி தலைவலி, மயக்கம் தரும். வீசிங் உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியபோது, காசநோய்க்கு நல்ல காற்றையே பெரிய மருந்தாக நம்பினார்கள். நம்ம வீட்டிலும் அந்தக் காற்று வரட்டும். ஏ.ஸி. அறையைச் சாத்திக்கொண்டு ஒட்டாதீர்கள். பசை தீப்பிடிக்கும், சாமி விளக்கு, கொசுவத்தி பக்கத்தில் வேண்டாம். உப்புத்தாளை ஈரமாக்கித் தேயுங்கள், தூசி பறக்காது.

கை நடுங்குகிறதா?

முக்கியமான விஷயம் இதுதான். "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காபியைக் குறைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றிப் பாருங்கள். பசி வேளையில் நடுங்கி வியர்த்தால், சர்க்கரை நோயாளிகள் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சர்க்கரை சாப்பிட வேண்டும். தைராய்டு அதிகமானாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும் நடுக்கம் வரும். பிரஷ் பிடிக்கும்போது மட்டும் நடுங்குவது ஒரு வகை. மடியில் சும்மா வைத்திருக்கும்போதே ஒரு கை நடுங்கி, கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனால் அது வேறு; நடுக்குவாதமாக இருக்கலாம். தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் நரம்பு மருத்துவரிடம் போங்கள். சித்த மருத்துவனான நானும் இதையேதான் சொல்வேன்.

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். பேரன் பேத்தியும் பக்கத்தில் உட்காரட்டும். கத்தியும் பசையும் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்!