ஒரு பெயர், பல பில்கள்: கம்ப்யூட்டரில் பாக்கி பார்ப்பது எப்படி?



சிட்டையும் பேரேடும் வைத்திருந்த நம் கடைகளில் பலவும் இன்று எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றில் கணக்கைப் பதிவு செய்கின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே பார்ட்டிக்குப் பல பில்கள் இருந்தால், சில சூத்திரங்கள் முதல் பில்லை மட்டும் காட்டும். மற்ற பில்கள் வசூலில் விட்டுப்போகும்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஓட்டல் ஒன்றுக்குக் கடனில் சரக்கு போவதாக வைத்துக்கொள்வோம். 4ஆம் தேதி ரூ.18,400, 11ஆம் தேதி ரூ.9,750, 23ஆம் தேதி ரூ.22,300 என மூன்று பில்கள். மொத்தப் பாக்கி ரூ.50,450. ஓட்டலின் பெயரைக் கொடுத்து 'வி-லுக்அப்' சூத்திரத்தால் தேடினால் ரூ.18,400 மட்டுமே வரும். மீதி ரூ.32,050 கண்ணில் படாது.

காரணம் எளிது. வி-லுக்அப் மேலிருந்து கீழே தேடி, பெயர் முதலில் கிடைத்த வரியோடு நின்றுவிடும். ஒரு சரக்குக்கு ஒரே விலை உள்ள விலைப்பட்டியலுக்கு அது போதும். கடன் கணக்குக்கு வேண்டியது பேரேட்டின் வேலை. சிட்டையில் தேதிவாரியாகக் கலந்து கிடக்கும் பற்றுகளை ஆள்வாரியாக ஒரே பக்கத்தில் சேர்ப்பதுதானே பேரேடு? அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. மொத்தத் தொகை மட்டும் போதுமென்றால் 'சம்-இஃப்'. அந்தப் பெயருள்ள எல்லா வரிகளையும் கூட்டித் தரும். பழைய எக்ஸெலிலும் உண்டு.

2. பில்வாரியாக வேண்டுமென்றால் 'ஃபில்டர்' சூத்திரம். எந்தப் பட்டியல், எந்தப் பத்தியில் எந்தப் பெயர் என்று சொன்னால், பொருந்தும் வரிகளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவை இறங்குவதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். எக்ஸெல் 2021லும் கூகுள் ஷீட்ஸிலும் இது உண்டு. எக்ஸெல் 2019லும் அதற்கு முந்தையவற்றிலும் இல்லை.

3. பழைய எக்ஸெல் வைத்திருப்போர், பட்டியலின் இடது ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்து, 'கவுண்ட்-இஃப்' கொண்டு பெயரோடு வரிசை எண்ணை இணைக்கலாம். ஓட்டல் பெயர்-1, பெயர்-2, பெயர்-3 என்று ஆனபின், வி-லுக்அப்பே ஒவ்வொன்றாக எடுத்துத் தரும்.

எந்த வழியானாலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட வேண்டும். 'முருகன் ஸ்டோர்ஸ்', 'முருகன் ஸ்டோர்' இரண்டும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆட்கள். மாறாக, செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் ஒரே பெயரில் கடைகள் இருந்தால் இரு கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி எண் கொடுப்பது நல்லது. பதிவு பெற்றவர்களுக்கு 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணே போதும்.

கொள்முதல் பக்கமும் இதே கதைதான். 1.1.2022 முதல், சப்ளையர் தாக்கல் செய்து நமக்குத் தெரிவிக்கப்பட்ட பில்லுக்கே உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். மாதந்தோறும் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை நம் கொள்முதலோடு ஒப்பிடும்போது, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் முதல் பில் மட்டுமே தெரியும். ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரே குறியாக்கித் தேட வேண்டும். வராத பில் எது என்று அப்போதுதான் தெரியும். சப்ளையரிடம் உடனே கேட்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்த வரவு இல்லை.

வசூலுக்கு ஆள் அனுப்பும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். எடுத்த பில்களின் கூட்டலும் சம்-இஃப் காட்டும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு பில் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்த பிறகே பாக்கிச் சீட்டைக் கையில் கொடுங்கள்.