அச்சம் மரபுவழி வருவதா?

நான்கு மாதக் குழந்தையின் கண்முன் வண்ணப் பொம்மைகள் அசைந்தாடுகின்றன. ஒலிப்பதிவிலிருந்து பழக்கமற்ற குரல்கள் எழுகின்றன. ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சு மூக்கருகே நீட்டப்படுகிறது. ஒரு குழந்தை முதுகை வளைத்து, கைகால்களை உதறி வீறிட்டழுகிறது. மற்றொன்றோ ஒன்றும் நடவாததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் ஜெரோம் கேகன், ஏறத்தாழ 500 குழந்தைகளிடம் இச்சோதனையை நடத்தினார். ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் மிகுதியாகக் கலங்கினர். ஐந்தில் இரு பங்கினர் அமைதியாக இருந்தனர். ஏனையோர் இவ்விரு வகையிலும் அடங்காதவர்கள்.

நான்கு மாதங்களில் உலகம் ஒரு குழந்தைக்குக் கற்பித்திருக்கக்கூடியது மிகக் குறைவு. எனவே, இவ்வேறுபாட்டில் பிறவிக்கூறு ஒன்று உண்டு எனக் கேகன் முடிவு செய்தார். இளம் ஆய்வாளராக இருந்தபோது வளர்ப்பே குணத்தை உருவாக்குகிறது என்று நம்பியவர் அவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பின்னர், இரண்டு வயதில் கூச்சம் மிக்கோராக இனங்காணப்பட்ட சிலரை அவர்கள் இருபது வயதைக் கடந்தபின் அழைத்து, மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். 2003இல் வெளியான அவ்வாய்வின்படி, அறிமுகமில்லாத முகங்களைக் கண்டபோது, அச்சவுணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி, கூச்சமற்றோரைவிட இவர்களிடம் மிகுதியாகத் தூண்டப்பட்டது.

ஆயினும், நான்கு மாதத்தில் கலங்கிய குழந்தைகளுள் ஒரு பகுதியினரே வளர்ந்தபின்னும் எதற்கும் அஞ்சுவோராக நீடித்தனர். இவ்வகைக் குழந்தைகளை ஒவ்வொரு சிறு இன்னலிலிருந்தும் காத்துக்கொண்டேயிருந்த தாயரைவிட, கனிவோடு கண்டிப்பும் காட்டிய தாயரின் பிள்ளைகள் எளிதில் அச்சம் தெளிந்தனர்.

இயல்பில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை அறிய இரட்டையர் ஆய்வுகள் உதவுகின்றன. ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியை உடையவர்கள். இருகரு இரட்டையர் ஏனைய உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியளவே ஒத்திருப்பவர்கள். ஒரே வீட்டில் வளரும் இவ்விரு வகையினரிடையே ஒரு பண்பில் காணும் ஒற்றுமையை ஒப்பிட்டால், அப்பண்பில் மரபின் செல்வாக்கைக் கணிக்கலாம். பதற்றக் கோளாறுகளுக்கு இக்கணக்கீடு 30 முதல் 50 விழுக்காடு வரை அமைகிறது.

இந்த எண் பெரும்பாலும் தவறாகவே பொருள்கொள்ளப்படுகிறது. ஒருவருடைய அச்சத்தில் 40 விழுக்காடு பெற்றோர் தந்தது, எஞ்சியது சூழல் தந்தது என்று கூறுபோட முடியாது. ஒரு வயலின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பது போன்றது அது. பல வயல்களை ஒப்பிடும்போதுதான், அவற்றின் பரப்பு வேறுபடுவதற்கு நீளம் எவ்வளவு காரணம், அகலம் எவ்வளவு காரணம் என்று கூற இயலும். மரபின் விழுக்காடும் மக்கள்தொகைக்கு உரியது, தனிமனிதருக்கு உரியதன்று. மக்கள் வாழும் சூழல் மாறினால் அவ்வெண்ணும் மாறும்.

அச்சத்திற்கெனத் தனி மரபணு ஒன்றைக் கண்டறியும் முயற்சியும் நடந்தது. செரட்டோனினை நரம்பணுக்களுக்குள் மீள எடுத்துச்செல்லும் புரதத்திற்குரிய மரபணுவின் குறுகிய வடிவம், பதற்ற இயல்போடு தொடர்புடையது என 1996இல் ஓர் ஆய்வு கூறியது. பெரும் பரபரப்பு எழுந்தது. பல்லாயிரவரின் தரவுகளைக் கொண்டு பின்னாளில் ஆராய்ந்தபோது அத்தொடர்பு உறுதிப்படவில்லை. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே செல்வாக்குடைய எண்ணற்ற மரபணு வேறுபாடுகள் இதில் பங்குகொள்கின்றன என்பதே இன்றைய கருத்து.

‘நூலைப்போலச் சேலை, தாயைப்போலப் பிள்ளை’ என்பது வழக்கு. தாயின் அச்சம் பிள்ளையிடமும் காணப்பட்டால் அதைக் குடும்ப வாகு என்று கூறி அமைவதும் உண்டு. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவர்தம் குழுவினரும் எலிகளிடம் நடத்திய ஆய்வுகள் இவ்வழக்கிற்கு வேறொரு பொருள் தருகின்றன. தாய் எலிகளுள் சில, குட்டிகளை அடிக்கடி நக்கிப் பேணும். சில அவ்வளவாகப் பேணா. நன்கு பேணப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் எளிதில் மிரள்வதில்லை. மிரட்சி மரபணு வழியாகவே வந்ததா என்பதை அறியக் குட்டிகளைப் பிறந்தவுடன் இடம்மாற்றினர். அவ்வளவாகப் பேணாத தாய்க்குப் பிறந்து, நன்கு பேணும் தாயிடம் வளர்ந்த குட்டி, வளர்ப்புத் தாயின் குட்டிகளைப் போலவே அமைதியாக வளர்ந்தது. மன அழுத்த ஹார்மோனை உணர்ந்து அதன் சுரப்பைத் தணிக்க உதவும் ஏற்பிக்குரிய மரபணுவில், மெத்தில் என்னும் வேதிக்குறிகள் நன்கு பேணப்பட்ட குட்டிகளிடம் குறைந்திருந்தன. அதனால் அம்மரபணு மிகுதியாகச் செயற்பட்டது என 2004இல் அக்குழுவினர் வெளியிட்டனர். மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது செயற்படும் அளவே மாறியது. அவ்வாறு இடம்மாறி வளர்ந்த பெண்குட்டிகள் தாயானபோது, தம்மைப் பெற்ற எலியைப்போல் அன்றி வளர்த்த எலியைப்போலத் தம் குட்டிகளை நக்கிப் பேணின.