குழந்தையின் எடையும் பல் மருத்துவரின் மருந்தும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. ஆனால் பல்லைக் காக்க மருத்துவரிடம் சென்றாலோ, சிறு குழந்தைகள் நாற்காலியைக் கண்டவுடனேயே அழத் தொடங்கிவிடுகின்றனர். திமிறும் குழந்தையின் வாயில் கூரிய கருவியை வைப்பது ஆபத்தல்லவா? ஆகவே சில வேளைகளில் மருத்துவர் அச்சத்தைத் தணிக்கும் மருந்து கொடுக்கிறார். இது முழு மயக்கமன்று. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை கண் திறக்கும். தானாகவே மூச்சு விடும்.

இம்மருந்தின் அளவை எடையைக் கொண்டே கணக்கிடுகின்றனர். ஒரு கரண்டி சர்க்கரையைக் குவளை நீரில் கரைத்தால் இனிக்கும். குடத்து நீரில் கரைத்தால் இனிப்பே தெரியாது. மருந்தும் அவ்வாறே. மிடசோலம் என்னும் மருந்தை வாய்வழியாக, கிலோவுக்கு அரை மில்லிகிராம் என மருத்துவர் முடிவு செய்தால், 12 கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம் போதும். தாய் உத்தேசமாக 18 கிலோ என்று கூறிவிட்டால் அது 9 மில்லிகிராம் ஆகிவிடும்! மருந்து மிகுந்தால் மூச்சு மந்தப்படும். குறைந்தால் அச்சம் தணியாது.

அப்படியாயின், எடை கூடக்கூட மருந்தையும் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. பருத்த குழந்தையின் மிகுதியான எடை பெரும்பாலும் கொழுப்பே. அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் அளவு மீறிவிடும். மேலும் அக்குழந்தைகளுக்கு உறக்கத்தில் மூச்சுக்குழாய் எளிதில் அடைபடும். எனவே மருத்துவர்கள் உயரத்திற்கேற்ற எடையைக் கருதுகின்றனர். மருந்துக்கு உச்ச வரம்பும் வைக்கின்றனர். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் அமைதியடைய, மற்றவர் அழுவதும் உண்டு. குழந்தையின் சுபாவமும் அச்சமும் அதற்குக் காரணமாகலாம்.

எடையைப் பாராத முறையும் ஒன்றுண்டு. அதுவே சிரிப்பு வாயு. 1844-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதனைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். இன்று இதனைப் பிராணவாயுவுடன் கலந்து, குழந்தையின் நிலையைப் பார்த்தவாறே சிறிது சிறிதாகக் கூட்டுகின்றனர்.

ஆகவே, தம்பி தங்கையரை அழைத்துச் செல்லும்போது அன்றைய எடையை நிறுத்தே சொல்வோம். குறட்டை விடும் வழக்கம் இருந்தால் மறைக்காமல் கூறுவோம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், அழுகிறதே என்று இரங்கி பிஸ்கட்டு கொடுக்க வேண்டாம்; வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயினுள் சென்றுவிடக்கூடும். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த குழந்தைகளுக்கு உண்மை கூறுவதும் ஓர் அன்புச் செயலன்றோ!