சக்கை விடாத சாயம்

டீ வடிகட்டியதும் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டியிலேயே இருக்கட்டும். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இறங்குவதில் இன்னும் சாயம் இருக்கிறது அல்லவா? மறுபடி ஊற்றினால் வெளிறும், ஆனால் நிற்காது. மண்ணில் இறங்கிய எரிபொருளைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் காட்டுவேன். கசிந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரில் கர்ட்லாண்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமான எரிபொருளை இறக்கும் இடத்தில் பூமிக்கடியில் ஓடிய குழாய்கள் கசிந்ததை 1999-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அவை கசிந்துகொண்டிருந்தன. போனது எவ்வளவு என்பதற்கு 2.3 கோடி லிட்டரிலிருந்து 9 கோடி லிட்டர் வரை மதிப்பீடுகள் உண்டு. அங்கே நிலத்தடி நீர் ஏறக்குறைய 500 அடி ஆழத்தில். அவ்வளவு தூரம் எங்கே இறங்கப்போகிறது என்று தோன்றும். இறங்கியது. 2007-ல் நீர்மட்டத்தின் மேல் எரிபொருள் மிதப்பதைப் பார்த்தார்கள்.

மிதப்பது மட்டும்தான் என்றால் வேலை சுலபம். போகிற வழியெல்லாம் எரிபொருள் மணலிடுக்குகளில் ஒட்டிக்கொண்டும், ஆவியாகி மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கலந்தும், அதிலுள்ள பென்சீன் போன்றவை நீரிலேயே கரைந்தும் கிடக்கின்றன. பத்து இருபது அடிக்குள் என்றால் மண்ணையே அள்ளி அப்புறப்படுத்தலாம். 500 அடிக்கு அது நடக்காது. அதனால் துளை போட்டு மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினார்கள். காற்று போகப் போக ஒட்டியிருப்பது ஆவியாகிக் கூடவே மேலே வரும். வந்த ஆவியை எஞ்சினில் விட்டு எரித்தார்கள். நல்ல முறை, ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதை மட்டும்தான் அது எடுக்கும்.

இந்த இடத்தில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. நிலத்தடி நீரை வற்ற விடக்கூடாது என்று ஆல்புகர்க்கி நகரம் 2008-ன் இறுதியில் ஆற்று நீருக்கு மாறியது. உறிஞ்சுவது குறைந்ததும் வற்றியிருந்த நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் ஏறிய நீர், மணலில் ஒட்டியிருந்த எரிபொருளை மூழ்கடித்தது. மூழ்கியதைக் காற்றால் எடுக்க முடியாது. எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கப் போட்ட கண்காணிப்புக் கிணறுகளின் சல்லடைக் குழாய்களும் நீருக்கடியில் போயின. மேலும் கிணறுகள் தோண்ட வேண்டியதாயிற்று.

கரைந்தவற்றில் பென்சீனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. பிராணவாயு கிடைத்தால் போதும், அவை வேலையைப் பார்க்கும். அவ்வளவு எளிதில் மசியாத ஒன்று எத்திலீன் டைபுரோமைடு. ஈயம் கலந்த பழைய விமானப் பெட்ரோலில், எஞ்சினுக்குள் ஈயம் படியாமலிருக்கச் சேர்த்தது. அமெரிக்கக் குடிநீர் வரம்புப்படி, இதில் ஒரே ஒரு கிராம் இரண்டு கோடி லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். அதுதான் தளத்தின் எல்லையைத் தாண்டி, வீடுகளுக்கு அடியில், நகரின் குடிநீர்க் கிணறுகள் இருக்கும் திசையில் நகர்ந்தது. 2015-ல் வழியில் கிணறு போட்டு அந்த நீரை மேலே இழுத்து, கிளர்வூட்டிய கரி வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். சுத்தமானது கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கும், மறுபடி நிலத்துக்குள்ளும் போனது.

கேட்கிறவர்கள் அடுத்து, "எப்போது முடியும்?" என்பார்கள். மோட்டார் ஓடும்போது எடுத்த தண்ணீரை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. வேகமாக இழுக்கும்போது தண்ணீர் மணலிடுக்குகளைத் தொட்டும் தொடாமலும் ஓடிவரும்; மாசின் அளவு குறைவாகக் காட்டும். நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் பொறுத்திருந்து, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சக்கையை இப்போது தம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். சற்று முன் வெளிறி இறங்கிய அதே சக்கைதான். பிறகு வடித்துப் பாருங்கள், நிறம் கூடியிருக்கும்.